துண்டு துண்டாகக் கடலுக்குப் போன கார்

அந்த மெக்கானிக்கின் கார் எத்தனையோ தடவை கடலைப் பார்த்திருக்கிறது. முழுசாகப் போய்ப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ரேடியேட்டர் ஒரு தடவை டாக்டர் காரில் ஏறிப் போய்விட்டு வந்தது. பால்வண்டிக்காரர் மச்சினிச்சி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது ஹாரனும் கூடப் போயிற்று. டைனமோ ஒரு பள்ளிக்கூட வேனோடு சுற்றுலா போய், உடம்பெல்லாம் உப்புப் பூத்துத் திரும்பி வந்து, கொஞ்ச நாள் யாரோடும் ஒட்டாமல் மூலையில் கிடந்தது. மற்ற சாமான்களுக்கு அதன் மேல் பொறாமை.

எல்லாம் அவர் கை செய்த வேலை. வண்டி படுத்துவிட்டதென்று யாராவது பட்டறை வாசலில் வந்து முகத்தைத் தொங்கப்போட்டால் போதும், அவருக்குக் கை பரபரக்கும். புதுச் சாமான் வர நாளாகும், அதுவரைக்கும் மனுஷன் நடந்தா போவான் என்று சொல்லித் தன் காரின் பானெட்டைத் தூக்கிவிடுவார். வேண்டியதைக் கழற்றி மாட்டி அனுப்பிவிட்டு, புதுசு வந்ததும் திருப்பிக் கொடுங்கள் என்பார். கொடுத்தவர்களும் உண்டு. எப்போது போய்த் திறந்து பார்த்தாலும் பானெட்டுக்குள் கொஞ்சம் எஞ்சினும் நிறையத் தரையும் தெரியும். ஒரு மழைக்காலத்தில் உள்ளே பூசணிக்கொடி ஏறிப் பூவும் வைத்தது. அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அவர் மனைவி இதையெல்லாம் கேலி பேசியே காலத்தை ஓட்டினாள். கண்ணில் கோளாறு வரும்வரைக்கும்.

கண் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். பார்வை ஓரத்திலிருந்து உள்பக்கமாக மூடிக்கொண்டே வரும். மருந்தும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. வீட்டுக்கு வந்தவள் கையிலிருந்த வளையலைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். இப்போது இவ்வளவுதான் தெரிகிறது என்றாள். பிறகு மோதிரத்தைக் கழற்றி அதன் வழியாக அவரைப் பார்த்தாள்.

"இந்த அளவுக்கு வர்றதுக்குள்ள எனக்குக் கடலக் காட்டிடுங்க. என் தம்பி சொல்வானே, அந்தக் கடைசி வளைவுல நின்னு பாக்கணும்."

தம்பி மலைப்பாதையில் சரக்கு லாரி ஓட்டுகிறவன். அன்றைக்கே வரவழைத்து, சாக்கட்டியும் கொடுத்து, பட்டறைத் தரையில் வழியை வரையச் சொன்னார்கள். அவன் வாசலில் தொடங்கி, மலை ஏறி, பின்சுவர் ஓரம் கடலில் போய் முடித்தான். அந்தப் பாதையைப் பற்றி அவன் சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதியை நம்புவதற்குத் தனித் தைரியம் வேண்டும். வளைவுகள் அவ்வளவு நெருக்கமாம். முன்னால் ஒரு வண்டி மெதுவாகப் போகிறதே என்று ஹாரன் அடித்தால், அது நம்முடைய வண்டியின் பின்புறமாக இருக்குமாம். உச்சிக்குப் போனதும் மேகம் ஒரு ஜன்னல் வழியாக ஏறி, சீட்டில் சற்று உட்கார்ந்துவிட்டு, மறு ஜன்னல் வழியாக இறங்கிப் போகும். அதோடு பேச்சுக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வீடுவரைக்கும் வந்துவிடும். கடைசி வளைவு திரும்பியவுடன் கடல் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் தங்களை அறியாமல் காலைத் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொள்வார்கள், நனைந்துவிடுமென்று.

"நானும் வச்சுக்குவேன்டா" என்றாள் அக்கா.

"பேசாம என் லாரியில ஏறிக்கக்கா. காலையில கிளம்பினா சாயங்காலம் காட்டிடறேன். மாமா வண்டி எப்ப கிளம்பும்னு அந்த வண்டிக்கே தெரியாது."

மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. ஊர் வண்டியை எல்லாம் ஓட வைக்கிற மனுஷன், கட்டினவளைச் சிமெண்டு மூட்டையோடு மூட்டையாக ஏற்றி அனுப்புவதா? பஸ் இருக்கிறதே என்றால், பஸ் மலையைச் சுற்றிக்கொண்டு சமவெளி வழியாகப் போகிறது. அதில் போனால் அந்த வளைவே வராது. அவள் தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு, "மாமா கூட்டிட்டுப் போவாருடா" என்றாள். 

அவரும் சும்மா இருக்கவில்லை. கொடுத்ததையெல்லாம் வீடு வீடாகப் போய் வாங்கி வந்தார். ஆனால் ஒன்று வந்து சேர்வதற்குள் இன்னொன்று வாசல் தாண்டிவிடும். ஃபேன் பெல்ட் வந்த அன்று கார்புரேட்டர் போயிற்று. கார்புரேட்டர் வந்து சேர்ந்தபோது பெட்ரோல் பம்ப்பைக் காணோம். வேலைக்கு வந்த வண்டிகள் தரையில் வரைந்திருந்த மலைமேல்தான் நின்றன. பால்வண்டி ஒரு வளைவின் மேல் நின்று எண்ணெய் ஒழுகி, பாதி மலையை அழித்துவிட்டது. அவள் தினமும் குனிந்து உட்கார்ந்து, அழிந்ததைச் சாக்கட்டியால் திரும்ப வரைவாள். போகப் போகக் கோடு பாதையை விட்டு விலக ஆரம்பித்தது. அவர் பார்த்தார்.

வளையல் மோதிரமாகிக்கொண்டிருந்தது.

ஒருவழியாகக் கார் முழுசாகச் சேர்ந்தது. விடிந்ததும் அவள் குளித்து, சாப்பாடு கட்டி, தண்ணீர் எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பட்டறைக் கதவைத் திறந்தார் அவர். வாசலை அடைத்துக்கொண்டு, அவர் கார் மாதிரியே ஒரு பழைய கார் நின்றது. பின்னால் ஒரு குடும்பமே தள்ளிக்கொண்டிருந்தது. வண்டிக்காரரின் மாமியார் மட்டும் உள்ளே உட்கார்ந்து எப்படித் தள்ளுவதென்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எஞ்சினுக்குத் தீப்பொறி பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் போயிருந்தது. எங்கே பயணமென்று மெக்கானிக் கேட்டார். மலை வழியாகக் கடலுக்கு என்றார் வண்டிக்காரர், பல்லெல்லாம் தெரிய. மாமியார் கடலைப் பார்த்ததே இல்லையாம்.

மெக்கானிக் திரும்பித் தன் காரைப் பார்த்தார். முன்சீட்டில் அவள் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கவாட்டில் நடப்பது அவளுக்குத் தெரியாது, காது மட்டும் கேட்கும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லட்டும் என்று இருந்தாள். அவர் அவள் சொல்லட்டும் என்று நின்றார். நிற்கும்போதே கை பானெட்டைத் தூக்கிவிட்டது.

திரும்பி வருகிறபோது தந்துவிடுகிறோம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவள் இறங்கி, கட்டிய சாப்பாட்டைக் கொட்ட மனமில்லாமல், தட்டில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். இருவரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

போன குடும்பம் வரவில்லை. அவர்களுக்குக் கடல் பிடித்துப்போயிற்று. மாமியார் எழுந்து வர மறுத்துவிட்டதால் அங்கேயே வீடு பார்த்துக் குடியேறிவிட்டார்கள் என்று தம்பி வந்து சொன்னான். மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அத்தோடு நிறுத்திக்கொண்டான். பிறகு அவனே தேடிப் போய் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி வாங்கிக்கொண்டு வந்தபோது அவள் பார்வையில் மோதிர அளவும் போய், ஊசிக்காது அளவும் போயிருந்தது. பொட்டலத்தைப் பிரித்தபோது மணல் உதிர்ந்தது. அவள் அதைத் தரையில் தடவித் தடவி எடுத்து, விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அவர் அதை மாட்டினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. அந்தக் காரின் ஜாதகத்திலேயே இல்லாத சங்கதி. அவள் கையைப் பிடித்து வந்து முன்சீட்டில் உட்கார வைத்தார். போகலாமா என்று கேட்டார்.

"இனிமே எதுக்குங்க? மலையும் ஒண்ணுதான், இந்தப் பட்டறையும் ஒண்ணுதான். பெட்ரோலாவது மிஞ்சட்டும், நிறுத்துங்க."

நிறுத்தினார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ புதியவர், அவசரமாக வந்தவர். பாதி வழியில் ரேடியேட்டர் வெடித்துவிட்டதாம், வேறு கிடைக்குமா என்று கேட்டார். மெக்கானிக் பதில் சொல்வதற்குள் காருக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"நம்ம வண்டில இருக்கே. கழட்டிக் குடுங்க, பாவம்."

அவள் கேலி பேசுவாள், முனகுவாள், ஒருநாளும் எடுத்துக் கொடு என்று சொன்னதில்லை. அவருக்கு ஸ்பானர் கையில் கனத்தது.

"இல்ல" என்றார். "இந்த வண்டி வெளியூர் கிளம்புது. தர முடியாது."

வந்தவர் அணைந்து நிற்கும் காரைப் பார்த்தார், உள்ளே அசையாமல் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தார், வந்த வழியே போய்விட்டார்.

"இல்லன்னு சொல்ல உங்களுக்கு வருமா?" என்றாள் அவள். "தெரியாமப் போச்சே எனக்கு."

அவர் மறுபக்கக் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். தரையில், காரின் சக்கரத்துக்கு அடியிலிருந்து சாக்கட்டிக் கோடு கிளம்பி, எண்ணெயைத் தாண்டி, சுவரில் ஏறிப் போயிருந்தது. அவர் கடைசியாகப் பார்த்தபோது அது சுவரில் ஏறியிருக்கவில்லை. அவள் எப்போது வரைந்தாளோ. கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் குனிந்து செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.