தட்டு ஒன்று, தட்டு இரண்டு

பள்ளிக்கூட வாசலில் புதுக் கடை ஒன்று முளைத்ததிலிருந்து சிப்ஸ்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மாலை மணி அடித்ததும் தன் கடைக்கு ஓடிவரும் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். அதனால்தான், அறிவியல் டீச்சரான மனைவி, "நம்ம சிப்ஸையும் அந்தக் கடை சிப்ஸையும் வகுப்புல சோதிக்கப் போறோம்" என்றதுமே கடையைச் சாத்திவிட்டுக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டார். இன்றோடு அவன் கதை முடிந்தது என்று உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

டீச்சர் கெட்டிக்காரி. யாருடையது என்று தெரிந்தால் பிள்ளைகள் கட்சி கட்டிவிடுவார்கள் என்று இரண்டையும் நொறுக்கி, எண் மட்டும் எழுதிய தட்டுகளில் வைத்திருந்தார். பிள்ளைகள் தூளைத் தாளில் கொட்டி அழுத்தி, உதறிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்கள். முதல் தட்டின் தாளில் சின்னப் பொட்டுதான். இரண்டாவதில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்.

சிப்ஸ்காரருக்கு வாய் சும்மா இருக்குமா?

"பார்த்தீங்களா! எண்ணெய் காயறதுக்கு முன்னாடியே போட்டா இப்படித்தான் குடிச்சுத் தொலைக்கும். கேஸை மிச்சம் பிடிக்கிறானாம்! இதெல்லாம் ஒரு பொழப்பா?"

வகுப்பே கைதட்டியது. டீச்சர் மட்டும் தட்டைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். இரண்டாவது தட்டு தன் கடையுடையதுதான் என்று சிப்ஸ்காரருக்கு அந்தப் பார்வையிலேயே விளங்கிவிட்டது. வியாபாரம் படுத்த கவலையில், கொஞ்ச நாளாக அடுப்பைத் தணித்தே வைத்திருந்தது அவரேதான்.

"ரெண்டாவது எந்தக் கடை டீச்சர்?" என்று முன் பெஞ்சுப் பெண் கேட்டாள்.

"அதை... அப்புறமா சொல்றேன்" என்று டீச்சர் இழுத்தார். பொய் சொல்லத் தெரியாதவள் தனக்காக இப்படித் திணறுகிறாளே என்று சிப்ஸ்காரருக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து நின்றார்.

"என் கடைதாம்மா."

பிள்ளைகள் எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண்ணே சொன்னாள்: "அப்போ நாளைக்கு எண்ணெயை நல்லா காய வெச்சுப் போடுங்கண்ணா. மறுபடியும் பார்த்துடலாம். ஒரு தடவை பார்த்தா போதாதுன்னு டீச்சரே சொல்லியிருக்காங்க."

மறுநாள் மாலை கடை முன்னால் ஈ மொய்க்கிற மாதிரி கூட்டம். ஆளுக்கொரு தாளில் சிப்ஸை அழுத்தி, வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்கள். புதுக் கடைக்காரர்கூட ஒரு தாளோடு வந்து நின்றார். சிப்ஸ்காரர் சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு கை அள்ளி வைத்தார்.

கடைசியில் டீச்சர் வந்தார். நேராக ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"தாள் எங்கே டீச்சரம்மா?"

"எனக்கெதுக்குங்க தாளு?" என்றார் அவர், இன்னொன்றை எடுத்தபடி.