பிறிஜெற் வைத்த நேத்தி

என் இதயக் குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு. பத்து வருடச் சீனி வருத்தம் வேறு. ஒரு வருடம் காத்திருந்து, உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த கிழமை பைபாஸ் என்று திகதி கிடைத்தது. அன்றே என் மனைவி பிறிஜெற் கொச்சிக்கடைக் கோயில் அந்தோனியாரிடம் நேத்திக்கடன் வைத்துவிட்டு வந்தாள். தவக்காலத்து முதல் நாளான விபூதிப் புதன் தொடங்கி ஒப்பரேஷன் முடியும்வரை வீட்டில் மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை, கருவாடு ஒன்றும் இல்லை.

கொட்டாஞ்சேனையில் பிறந்து, முப்பது வருடம் துறைமுகத்தில் வேலை செய்தவனிடம் மீன் இல்லை என்று சொல்லிப் பாருங்கள்! ஆனால் என் உயிருக்காக வைத்த நேத்தி. வாயை மூடிக்கொண்டேன்.

காலையில் பேக்கரிப் பாணும் பருப்பும். மத்தியானம் ஒரு கோபுரம் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல். மூன்று மணிக்கே வயிறு கத்தும், அதற்கு அதே பேக்கரியின் இரண்டு பணிஸ். இரவில் கோதுமைமா இடியப்பம். தேத்தண்ணீருக்கு மட்டும் சீனி போடவில்லை, அவ்வளவு கவனம்.

"கொழுப்பில்லாத சாப்பாடு, நெஞ்சுக்கு நல்லது. இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்பாள் பிறிஜெற்.

ஒப்பரேஷனுக்கு இரண்டு கிழமைக்கு முன் இரத்தம் சோதித்தார்கள். டொக்டர் சந்திரகுமார் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"சீனி முந்நூறுக்குக் கிட்ட நிக்குது. இரத்தத்தில கொழுப்பும் ரெண்டு மடங்கு. இப்ப வெட்டினா காயம் ஆறாது, கிருமி பிடிக்கும். திகதியைத் தள்ளத்தான் வேணும்."

"கொழுப்பா? நாப்பது நாளா நான் மீன் வாலைக்கூடக் காணேல்ல டொக்டர்!"

"அப்ப என்ன சாப்பிட்டீங்க?"

சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்தார்.

"பாணும் சோறும் உள்ள போனா சீனிதான். உங்களுக்கு இன்சுலின் சுரக்குது, ஆனா உடம்பு அதுட சொல்வழி கேக்குதில்ல. மிஞ்சின சீனியை ஈரல் கொழுப்பாக்கி இரத்தத்தில விடுது. மீன் சாப்பிடுங்க, மரக்கறியைக் கூட்டுங்க, சோத்தைப் பாதியாக்குங்க. ஆறு கிழமையில திரும்பப் பாப்பம்."

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதை. வேதக்காரன் நான் இதைச் சொல்லக்கூடாது, ஆனால் வேறு பழமொழி வாயில் வரவில்லை.

வெளியே மர வாங்கில் பிறிஜெற் செபமாலையோடு இருந்தாள். நாற்பது நாளில் முகம் வாடிப்போயிருந்தது. உன் நேத்திதான் இதைச் செய்தது என்று அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது?

"திகதி தள்ளிப்போச்சு. உனக்குத் தெரியாம நான் கடையில முட்டை போட்ட கேக் திண்டனான்" என்றேன். பச்சைப் பொய்.

"வெக்கமா இல்லையா உங்களுக்கு? அறுபத்திமூண்டு வயசு!" பஸ் ஏறும்வரை திட்டினாள். பஸ்ஸில் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க முறிச்ச நேத்தியை நான் சரியாக்கிறன். இண்டையிலயிருந்து ஒப்பரேஷன் முடியுமட்டும் ரெண்டு பேருக்கும் பாணும் தண்ணியும்தான்."

ஐயோ கடவுளே! அவளைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்னையே கொல்லப் பார்த்தது. டொக்டர் சொன்னதை ஒன்று விடாமல் அங்கேயே கொட்டிவிட்டேன்.

கொட்டாஞ்சேனையில் இறங்கியதும் அவள் நேரே சந்தைக்குப் போய் ஒரு பாரை மீன் வாங்கினாள்.

"அந்தோனியாரிட்ட உங்கட உயிரைத்தான் கேட்டனான்" என்றாள் வழியில். "மீனை விடு எண்டு அவர் கேக்கேல்ல. அது நானாச் சொன்னது."

மத்தியானம் என் தட்டில் மீன் குழம்பும் பயத்தங்காயும் ஒரு பிடி சோறும் இருந்தன. அவள் தட்டில் இரண்டு துண்டு பாண், பக்கத்தில் ஒரு கோப்பை தண்ணீர்.

"நேத்தி என்ர. நான் முடிக்கிறன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்குச் சீனி இருக்கோ எண்டு ஒருநாளாவது ஆரும் பாத்ததோ? என்னை எழுப்பிப்போட்டு நீ விழுந்தா நான் என்ன செய்ய?" பாணை எடுத்து அப்பால் வைத்தேன். என் மீன் துண்டில் பாதியைப் பிய்த்து அவள் தட்டில் போட்டேன்.

அவள் சிலுவை அடையாளம் போட்டு, சுவரில் இருந்த அந்தோனியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த மனுசனுக்காகத்தான் சாப்பிடுறன். குறை நினையாதேயும்" என்றாள். சொல்லிவிட்டு அழுதுகொண்டே மீனில் முள்ளை எடுத்தாள்.