அரை விரல் இடைவெளி

ஹெக்டர் சேரின் மொரிஸ் மைனர் காருக்கு லண்டனிலிருந்து, சில்லுக்கு மேல் மூடும் மட்காட் தகடு வந்த அன்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் என் வாய் சும்மா இருக்காது. கப்பல்துறை என்ற எங்கள் ஊரில் முப்பது வருஷமாகக் கார்த் தகடு நிமிர்த்தும் டிங்கர் வேலை செய்கிறவன் நான். புதுச் சாமான் என்று யாராவது பெட்டியோடு வந்தால், பெட்டியைப் பிரிக்க முன்னமே குறை சொல்லத் தொடங்கிவிடுவேன்.

சேர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆவணியில் மகள் றஜிதாவுக்குக் கலியாணம். அந்தக் காரில்தான் மகளை மாதா கோயிலுக்குக் கூட்டிப்போவேன் என்று ஒரே பிடியாக நின்றார். இடது பக்க முன் மட்காட்டைக் கடற்காற்று தின்றுவிட்டிருந்தது. லண்டனில் வேலை செய்யும் றஜிதா, பழையதைப் போலவே இப்போது புதிதாகச் செய்து விற்கும் ஒன்றைத் தேடி வாங்கி, கார்கோ பெட்டியில் பால்மாவுக்கும் சொக்லேட்டுக்கும் நடுவில் போர்வை சுற்றி அனுப்பியிருந்தாள்.

பூட்டிப் பார்த்தேன். பின்னால் கதவோரம் பொருந்தினால், முன்னால் போல்ட் ஓட்டை அரை விரல் அகலம் தள்ளி நின்றது. முன்னால் பொருத்தினால் கதவோரம் வாய் பிளந்தது.

"டுப்ளிகேட் சேர் இது. அச்சே பிழை. மகளை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்."

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்த நாலு பேருக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். சேரின் முகம் சுருங்கிவிட்டது. அங்கேயே நின்று மகளுக்குப் போன் எடுத்தார்.

"ஒரு சாமானை விசாரிச்சு வாங்கத் தெரியாதோ உனக்கு? அந்தப் பெடியனையும் இப்பிடித்தானே பாத்தனி?"

மாப்பிள்ளை றஜிதா தானே விரும்பித் தேடிக்கொண்டவன். சேர் அரை மனதோடுதான் சம்மதித்திருந்தார் என்பது எனக்கும் தெரியும். அந்தப் பேச்சு எனக்கே சுட்டது. ஆனாலும் குனிந்து போல்ட்டைக் கழற்றத் தொடங்கினேன். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் சரியாகக் கதைக்கவில்லை.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது றஜிதா வந்து இறங்கினாள். அடுத்த நாள் காலை அப்பாவோடு என் கராஜுக்கு வந்தாள். கையில் இன்னொரு மட்காட். இது வேறொரு இடத்தில் செய்தது, நாலு பேரிடம் விசாரித்து வாங்கினேன் என்றாள். சேர் கதிரையைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பூட்டினேன். அதே போல்ட் ஓட்டை. அதே அரை விரல்.

ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேர், ஒரே இடத்தில், ஒரே அளவில் பிழை விடுவார்களா? காரின் உள் தகட்டில் இருந்த பழைய பட்டிப் பூச்சைச் சுரண்டினேன். அடியில் வெல்டிங் வரி தெரிந்தது. நான் இடக்கைக்காரன், என் வரி ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும். அது என்னுடையதேதான்.

இருபது வருஷத்துக்கு முன் இந்தக் கார் ஒரு மதகில் மோதி முன்பக்கம் வளைந்து வந்தது. கராஜ் வாசல் வேப்பமரத்தில் சங்கிலி கட்டி இழுத்தேன். கடைசி அரை விரல் வரவில்லை. அடுத்த நாள் எங்களுக்கு நோன்புப் பெருநாள். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அப்படியே விட்டு வெல்ட் அடித்து, வளைந்த காருக்கு ஏற்றமாதிரி நல்ல மட்காட்டை அடித்து வளைத்துப் பூட்டினேன். மோதின இடத்தை ஒருத்தராலும் கண்டுபிடிக்க ஏலாது என்று எத்தனை வருஷம் பெருமை பேசியிருப்பேன். கடைசியில் எனக்கே கண்டுபிடிக்க முடியாமல் போனது.

சுத்தியல் பக்கத்தில்தான் கிடந்தது. புது மட்காட்டையும் அதேமாதிரி அடித்துப் பூட்டலாம். யாருக்கும் தெரிய வராது. கையில் எடுத்தும் விட்டேன்.

"இதுவும் பிழையோ அங்கிள்?" றஜிதா குனிந்து மெதுவாகக் கேட்டாள். "எனக்கு இதுகள் விளங்கிறேல்ல. நேரம் இருந்தா மூண்டாவது ஒண்டு எடுப்பிக்கலாம்."

"நான் அப்பவே சொன்னனான்," என்றார் சேர், தெருவைப் பார்த்தபடி.

சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"மட்காட் சரி பிள்ள. முதல் வந்ததும் சரிதான். கார்தான் பிழை. அதை வளைவா விட்டது நான்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அன்றைக்குக் கத்தின வாய் இன்றைக்கு முணுமுணுத்தது. தேத்தண்ணிக் கடையில் அதே நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பி, அவர்களுக்கும் கேட்கும்படி முழுவதையும் இன்னொரு தரம் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

சேர் எழும்பி வந்து அந்த வெல்டிங் வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப, றஹ்மான், நான் பிள்ளைக்குப் போன்ல சொன்னது?"

"நான் சொன்னதை நம்பித்தானே சேர் ஏசினனீங்கள்."

"மட்காட்டைப் பற்றிச் சொன்னது நீ," என்றார். "மற்றது, அந்தப் பெடியனைப் பற்றினது, நான் சொன்னது."

மகளைப் பார்க்க முடியாமல் அவரும், இருவரையும் பார்க்க முடியாமல் நானும், ஒரு காரின் இரண்டு பக்கமும் நின்றோம்.