தானாக விட்ட விரிசல்

அம்பத்தூர் சர்வீஸ் சென்டரில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் ஏகாம்பரம் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். கீறல் விழக்கூடாதென்று துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறவர். குறுக்கே ஆட்டோ பாய்ந்தால்கூட வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். மகள் பவ்யா அவருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

கவுன்ட்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் கிருஷ்ணப்பிரியா என்று பெயர் குத்தியிருந்தது. மூடியின் மூலையில் ஓடிய விரிசலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கீழ விழுந்துச்சா சார்?"

"இல்லம்மா. தொறக்கசொல்ல தானா விரிசல் வுட்டுக்கிச்சாம். பொண்ணுதான் சொல்லுச்சு."

"மூலை நசுங்கியிருக்கு சார். விழுந்தாதான் இப்படி ஆகும். வாரண்டில வராது."

"அப்போ எம்பொண்ணு பொய் சொல்லுதுன்றியா?"

அப்பாவின் குரல் இப்படி உயர்ந்து பவ்யா கேட்டதேயில்லை.

"எங்க பாரிவாக்கத்துல யார வேணா கேட்டுப் பாரு. அது வாயில பொய்யே வராது. நீ இன்னா, பக்கத்துல நின்னு பாத்தியா?"

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "இவங்க எப்பவும் இப்படித்தான் சார், விடாதீங்க" என்று ஒருவர் ஏற்றிவிட்டார். பவ்யாவுக்குக் காது மடல்கள் எரிந்தன. அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினாள். இத்தனை பேர் பார்ப்பதைக் கண்டு இழுத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். கூட்டத்தைப் பார்த்ததுமே வாரண்டியில் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். "கஸ்டமர்கிட்ட எப்படிப் பேசணும்னு தெரியாதா உனக்கு?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கடிந்துகொண்டார். "சாரி சார்" என்றாள் கிருஷ்ணப்பிரியா. அவள் கண் கலங்கிவிட்டது. பவ்யாவைவிட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள்.

படியிறங்கி வெளியே வந்ததும் ஏகாம்பரம், "ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற? அதான் முடிஞ்சிபோச்சே. வா, ஜூஸ் குடிக்கலாம்" என்றார்.

அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அப்பா, அது விழுந்துச்சுப்பா. ஃப்ரெண்டு வர்ஷா ஸ்கூட்டில வந்தேன். வேலப்பன்சாவடிகிட்ட வண்டி சறுக்கிடுச்சு. ஹைவேஸ்ல ஸ்கூட்டில ஏறாதேன்னு நீ சொல்லியிருந்தல்ல... அதான் பயந்துகினு..."

அவர் அவளைத் திட்டவில்லை. இறங்கி வந்த படிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பொண்ணு அழுதுச்சில்ல?" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறினார்.

கவுன்ட்டர் முன்னால் போய்க் கைகூப்பினார். "எம்மா, அது கீழ வுழுந்ததுதான். நீ சொன்னதுதான் கரீட்டு. அல்லார் முன்னாடியும் கத்திட்டேன். தப்பு எம்மேலதான், மன்னிச்சுக்க. உங்க சாரையும் கூப்புடு, அவராண்டயும் சொல்றேன்."

'விடாதீங்க' என்று ஏற்றிவிட்டவர் செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கூப்பிய அந்தக் கைகளைப் பார்க்க முடியாமல் பவ்யா முன்னால் வந்தாள்.

"அவர் மேல தப்பில்ல. நான்தான் பொய் சொன்னேன்."

கிருஷ்ணப்பிரியா அவளை ஒருமுறை பார்த்தாள். "பரவாயில்ல அங்கிள்" என்று ஏகாம்பரத்திடம் மட்டும் சொன்னாள். வாரண்டிப் பதிவை ரத்து செய்துவிட்டு, "செலவு எவ்வளவுன்னு போன்ல சொல்வாங்க" என்றபடி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். பவ்யாவுக்கென்று ஒரு வார்த்தையும் இல்லை. இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்க அவளுக்கும் முகமில்லை.

வீடு திரும்பும் வழியில் ஒரு சிக்னலில் பைக்கை நிறுத்தியபோது, ஏகாம்பரம் பின்னால் திரும்பாமலே கேட்டார்.

"வண்டி சறுக்குச்சுன்னியே, ரெண்டு பேருக்கும் அடி கிடி பட்டுச்சா?"

"வர்ஷாவுக்கு ஒண்ணும் இல்லப்பா."

"உனுக்கு?"

பவ்யா சட்டையின் முழுக்கையை மேலே இழுத்துவிட்டு, கையை அவர் தோளுக்கு முன்னால் நீட்டினாள். முழங்கையில் நீளமாகச் சிராய்த்து, பக்குத் தட்டியிருந்தது. சிக்னல் பச்சையாகி, பின்னால் வந்தவர்கள் சத்தம் போட்ட பிறகும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.