நூற்றுப் பன்னிரண்டில் எத்தனை உங்களுடையவை?

"சேர், நூற்றுப் பன்னிரண்டு!" என்றபடி தலைமை எழுத்தர் அல்பிரட், ஓர்ஸ் ஹில் மீன் ஆய்வு நிலையத்துக்குப் பின்னாலிருந்த விடுதிக்குள் வந்தார்.

கடலட்டை ஆய்வாளர் கலீலுர் றஹ்மான் சோற்றில் கைவைத்தபடியே கேட்டார். "என்ன நூற்றுப் பன்னிரண்டு?"

"உங்கட கட்டுரைகளை வெளிநாட்டுக்காரர் எடுத்துக் காட்டின இடங்கள். கொழும்பு நூலகத்தில ஆர் ஆரை எடுத்துக் காட்டினது எண்டு போட்ட பெரிய சுட்டிப் புத்தகத்தைப் பார்த்துக் கையால எழுதி அனுப்பியிருக்கினம். தலைமையகத்துக்கும் ஒரு பிரதி போயிட்டுது. எண்ணிக்கை கூடினவருக்குத்தான் பதவி. நிலையப் பொறுப்பாளர் நீங்கதான்!"

பதவி கிடைக்காவிட்டால் அவருக்கு மன்னாருக்கு இடமாற்றம். மனைவி ஸுல்பிகாவுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவள் அல்பிரட்டின் கையிலிருந்த தாளைப் பறித்தாள்.

"பாலம் கட்டுறது... சிறுநீரக வியாதி... நெல்லில வாற பூஞ்சணம்... இஞ்ச பாருங்க, இதெல்லாம் எப்ப எழுதினீங்க?"

"நான் எழுதினது மொத்தம் ஏழு. கடலட்டைக்குச் சிறுநீரகமே இல்ல."

"அப்ப இது யாரு?"

தாளின் தலைப்பில் 'றஹ்மான், க.' என்று மட்டும் இருந்தது. டாக்காவிலும் கெய்ரோவிலும் அந்தப் பேரோடு இருக்கிற அத்தனை பேரும் அந்த ஒரு வரிக்குள் வந்து குந்தியிருந்தார்கள்.

"றஹ்மான் எண்டு தனிய ஒரு மனிசனைச் சொல்லலாமா?" ஸுல்பிகா கொதித்தாள். "அது அல்லாஹ்ட பேரு. கலீலுர் றஹ்மான் எண்டு சேர்த்தாத்தான் ஆள். பாதியில வெட்டினது எந்த அறிவாளி?"

"வெள்ளைக்காரனுக்குக் கடைசிப் பேர்தான் குடும்பப் பேர், அக்கா" என்றார் அல்பிரட். "சேர், நாங்க பொய் சொல்லேல்லையே. அவங்கள்தானே எண்ணினவங்கள்."

ஸுல்பிகா தாளை மேசையில் வைத்தாள். கலீலுர் றஹ்மான் கையைக் கழுவிவிட்டுச் சிவப்புப் பென்சிலை எடுத்தார். பாலம் போனது. சிறுநீரகம் போனது. நெல் போனது. கப்பல் பொறியியலாளர் ஏழு பேர் எடுத்துக்காட்டிய ஏதோவொரு குழாய்க் கட்டுரையையும் வெட்டினார்.

"அதை ஏன் வெட்டுறீங்க? அது உங்கட!" என்றாள் ஸுல்பிகா.

"நானா? குழாயா?"

"தொட்டிக் குழாய் துருப்பிடிச்சு ஒரு மாசம் விடுதிக்குத் தண்ணி வராமக் கிடந்தமே. ஆத்திரத்தில ஒரு சஞ்சிகைக்கு ரெண்டு பக்கம் எழுதினீங்க."

வெட்டியதை அழிப்பானால் தேய்த்தார். தாள் கிழிந்தது. கடைசியில் ஒன்பது மிஞ்சின. ஏழு குழாய்க்கு. பதினைந்து வருடம் கழுத்தளவு கடலில் நின்று எழுதிய கடலட்டைக்கு இரண்டு.

"அப்ப நான் யாரு, அல்பிரட்? கடலட்டைக்காரனா, குழாய்க்காரனா?"

"எனக்கு விளங்கேல்ல, சேர். திருத்தின தாளை அனுப்புறதெண்டால் தபால் நாலு மணிக்குப் போயிடும்."

தபாலுக்குக் காத்திராமல் அலுவலகத்துக்குப் போய்க் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள். மறுமுனையில் திணைக்களச் செயலாளர்.

"சேர், அதில நூற்று மூண்டு என்னுடையதில்ல."

"அப்ப ஆருடையது?"

"தெரியாது, சேர்."

"என்ன மனிசன் நீர்! நியமனக் கடிதம் அடிச்சு வைச்சிருக்கு." தாள் புரளும் சத்தம் கேட்டது. "உமக்கு ஒன்பது எண்டால், மற்ற விண்ணப்பக்காரருக்குப் பதினொண்டு. கடிதத்தை அவருக்குத்தான் மாத்தி அடிக்கவேணும்."

ஸுல்பிகா காதைக் கிட்டக் கொண்டுவந்தாள். கலீலுர் றஹ்மான் கேட்டார்.

"அவர்ட பேர் என்ன, சேர்?"

"பெரேரா."

"பெரேரா எண்டால் ஊருக்கு நூறு பேர் இருக்கினமே..." அவர் தயங்கினார். "அந்தப் பதினொண்டும் அவருடையதுதானா எண்டு ஆராவது பார்த்தவையா?"

மறுமுனையில் மறுபடியும் தாள் புரண்டது.

"போனை வையும்" என்றார் செயலாளர். "பார்த்து முடியுமட்டும் ரெண்டு பேருக்கும் கடிதம் இல்ல."

"என்னவாம்? கிடைச்சுதா?" என்று ஸுல்பிகா கேட்டாள்.

"தெரியா. இனித்தான் எண்ணப் போறாங்க."