முகவரிக் கட்டம்

அலுவலகத்தில் எனக்கு 'பூர்த்தியக்கா' என்று பட்டப்பெயர். பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. கிண்டலாகத்தான் வைத்தார்கள், நான் பெருமையாக எடுத்துக்கொண்டேன். அந்தப் பெருமையில் மண் விழுந்த கதையைத்தான் சொல்கிறேன்.

பெண்கள் ஆணையத்தின் வட்டாரக் கிளை என்பது மருந்துக்கடை மாடியில் இரண்டு அறை. முன்னறையில் நான் மனு எழுதிப் பதிவேன். உள்ளறையில் உறுப்பினர் அம்மா விசாரிப்பார். மனு கொடுத்த மூன்று நாளுக்குள் மனுதாரருக்குப் பதில் கடிதமும் மனு நகலும் போக வேண்டும் என்பது எங்கள் விதி. அதைச் சண்டை போட்டுக் கொண்டுவந்தவளே நான்தான். அதற்கு முன்பெல்லாம் மனு கிணற்றில் போட்ட கல். பெண்கள் நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்து போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பெண் திங்கட்கிழமை காலையில் வந்தாள். பத்தொன்பது வயது. கையில் இருமல் மருந்துப் பாட்டில். மருந்து வாங்கப் போவதாகச் சொல்லித்தான் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறாள்.

"நர்ஸிங் படிக்க இடம் கெடச்சிருக்குக்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரிஜினல் சர்டிபிகேட் குடுக்கணும். அப்பா பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு."

"ஏனாம்?"

"படிச்சு கிழிச்சது போதுமாம். அண்ணனும் அவருக்கு ஜால்ரா."

"அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னா அவங்களுக்கும் சேத்து விழும்."

சாதாரணமாகச் சொன்னாள். பதற்றத்தில் அவளுக்குச் சரளமாக எழுத வரவில்லை. அதனால் மனுவை என் கையாலேயே எழுதினேன். கீழே கையெழுத்து மட்டும் அவள் போட்டாள். உள்ளே அழைத்துப்போனேன். உறுப்பினர் அம்மா கேட்டுவிட்டு வழி சொன்னார்: வியாழக்கிழமை காலை ஒரு பெண் போலீஸைக் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் நிற்பது. எங்கள் எதிரிலேயே பீரோவைத் திறக்கச் சொல்வது. எத்தனையோ வீட்டில் அப்படி வாங்கியிருக்கிறோம்.

"நீங்க வந்து நிக்கிற வரைக்கும் வீட்டுல மூச்சு விடக்கூடாதுக்கா," என்றாள் அவள். "தெரிஞ்சா சர்டிபிகேட்டக் கொளுத்திப் போட்டுடுவாரு."

"நானாச்சு, போ," என்றேன். வாய் இருக்கிறதே.

இப்படிப்பட்ட மனுக்களுக்கு எங்களிடம் ஒரு ஏற்பாடு உண்டு. கடிதம் அனுப்பும் அண்ணன் மனுவைப் படிப்பதில்லை. பதிவேட்டில் இருக்கும் முகவரியைப் பார்த்துத்தான் உறை எழுதுவார். ஆகவே முகவரிக் கட்டத்தைக் காலியாக விட்டால் கடிதம் போகாது. அன்றும் விட்டேன். சாயங்காலம் பதிவேட்டை மூடப்போகும்போது வரிசையில் அந்த ஒரு கட்டம் மட்டும் வெறுமையாகத் தெரிந்தது. பேருந்துக்கு நேரமாகிவிட்ட அவசரம். இது எந்த மனு, ஏன் விட்டோம் என்று ஒரு நொடி யோசித்தேனா? இல்லை. மனுவைப் பார்த்து அழகாக முகவரியை எழுதிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடிதம் அனுப்பும் அண்ணனுக்குப் பட்டப்பெயர் மின்னல். ஓய்வுபெற ஒரு வருஷம்கூட இல்லை, ஆனாலும் உள்ளூர்க் கடிதங்களைத் தபாலில் போடமாட்டார். ஸ்கூட்டரில் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். புதன்கிழமை சாயங்காலம் வந்து, வாங்கியவர்கள் கையெழுத்துப் போட்ட தாளை என் மேசையில் வைத்தார்.

"திங்கக்கிழமை மனு வரைக்கும் குடுத்தாச்சு. அந்தப் பத்தொம்பது வயசுப் பொண்ணு வீட்டுல அவங்க அப்பாதான் வாங்கினாரு. தங்கமான மனுஷன், உக்கார வச்சுத் தண்ணியெல்லாம் குடுத்தாரு."

அவரைத் திட்ட வாயெடுத்தேன். பதிவேட்டில் என் எழுத்து இருந்தது, எதைச் சொல்லித் திட்டுவது? அந்தப் பெண்ணிடம் கைப்பேசி கிடையாது. உறுப்பினர் அம்மா காவல் நிலையத்துக்குப் பேசினார். இன்று ஆள் இல்லை, சொன்னபடி நாளைக் காலை அனுப்புகிறோம் என்றார்கள். இரவு முழுக்க நான் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை.

மறுநாள் நாங்கள் கிளம்புவதற்கு முன்னாலேயே அவர்கள் வந்துவிட்டார்கள். அவளுடைய அப்பா, அண்ணன், நடுவில் அவள். அந்த வெயிலில் மணிக்கட்டு வரை கை மூடிய சட்டை. உறுப்பினர் அம்மா அவளைத் தனியாக உள்ளே அழைத்துப்போய்க் கால் மணி நேரம் பேசிப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம் தலையை ஆட்டினார்.

"படிக்க இஷ்டமில்லைன்னு சொல்றா. சர்டிபிகேட் இப்ப இல்லவே இல்லையாம். வயசு வந்த பொண்ணு, வாபஸ்னு எழுதிக் குடுத்தா நாம என்ன செய்ய முடியும்?"

ஒன்றும் செய்ய முடியாது. அதுவும் விதிதான்.

அவள் என் மேசையில் உட்கார்ந்து வாபஸ் கடிதம் எழுதினாள். அப்பா மனு நகலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். குரல் உயரவே இல்லை.

"இது என் பொண்ணு எழுத்து இல்லம்மா. யாரோ எழுதிக் குடுத்துத் தூண்டிவிட்டிருக்காங்க. அது யாருன்னு தெரிஞ்சாகணும். மேலிடத்துக்கு எழுதி அவங்க வேலையப் போக்காம விடமாட்டேன்."

எதிரே மேசையில் பதிவேடு திறந்தபடி கிடந்தது, வரிக்கு வரி மனுவில் இருந்த அதே எழுத்து. நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன.

அவள் எழுதுவதை நிறுத்தினாள். கையை நகர்த்துவதுபோலப் பதிவேட்டை மூடி, அதன்மேல் தாளை வைத்துக்கொண்டாள்.

"கோர்ட் வாசல்ல ஒருத்தர்கிட்ட எழுதி வாங்கினேன்ப்பா. இந்த அக்காவ நான் இன்னிக்குத்தான் பாக்குறேன்."

பிறகு கையெழுத்துப் போட்டாள். மூவரும் படியிறங்கிப் போனார்கள்.

முடிவு என்ற கட்டத்தில் எங்களுக்கு மூன்றே சொல்: சமரசம், நீதிமன்றம், நிலுவை. வாபஸ் ஆனால் சமரசம் என்று எழுத வேண்டும். எழுதினேன்.

வெள்ளிக்கிழமை நர்ஸிங் பள்ளிக்குப் போன் போட்டு இரண்டு நாள் கேட்டுப் பார்த்தேன். "ஒரிஜினல் இல்லாம முடியாதும்மா, அடுத்த ஆளக் கூப்பிட்டாச்சு," என்று வைத்துவிட்டார்கள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நேரில் போக முடியாது. ஒரு கடிதம் போடலாமென்றால், அதையும் அவள் அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்குவார்.