பச்சை பெல்ட்டு

விடியக்கருக்கலில் ஊறின தேங்காய் மட்டையை அள்ளினவர்களுக்குத்தான் தெரியும், அந்த நாற்றம் மத்தியானச் சோற்றிலும் வந்து உட்காரும் என்று. குற்றாலத்துச் சாரல் ஊருக்கெல்லாம் சுகம். வடகரை நார் மில்லிலோ அது மட்டையின் பாரத்தை இரட்டிப்பாக்குகிற சனியன். குழல்வாய்மொழி பதினொரு வருஷமாக அந்தப் பாரத்தைத் தூக்கி மெஷின் வாய்க்குள் தள்ளுகிறவள். கறையேறிய அவள் கை எந்தச் சோப்புக்கும் மசியாது. கூட நின்று தள்ளுகிறவள் நஸீபா. சேலைக்கு மேலே, புருஷன் சவுதியில் போட்டுக் கழித்த முழுக்கைச் சட்டை போட்டிருப்பாள்.

மோட்டாரையும் மெஷினையும் இணைக்கிற பெல்ட்டு நைந்துபோய் இரண்டு வருஷம். பிட்டர் இசக்கிப்பாண்டி ஒட்டுப்போட்ட இடத்தைக் கம்பியால் தைத்துத் தைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். புது பெல்ட்டு வேண்டுமென்று முதலாளி சுந்தரபாண்டியனிடம் அவன் கேட்காத மாசமில்லை. ஆனி மாசம் ஒருநாள் முதலாளி வாயெல்லாம் பல்லாக வந்து நின்று, "நம்ம மில்லுக்குப் பச்சை பெல்ட்டு வருதுலே, திங்கக்கிழமை" என்றார்.

பெண்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திங்கட்கிழமை குழல்வாய்மொழி பிச்சிப்பூவும் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கி வந்தாள். புதுச்சாமானுக்கு ஒரு பூசை போட வேண்டாமா? ஆனால் காரிலிருந்து இறங்கியது மேனேஜர் பால்வண்ணநாதன். சென்னையில் தர மேலாண்மைப் பயிற்சி படித்துவிட்டு வந்திருந்தார். அந்தப் படிப்பில் தேறினவருக்குப் பேர்தான் பச்சை பெல்ட்டாம், கராத்தேக்காரர்களுக்குச் சொல்கிற மாதிரி. முதலாளி அவள் கையிலிருந்த பூவை வாங்கி மேனேஜர் கழுத்தில் போட்டார். எலுமிச்சம்பழத்தை நஸீபா கொண்டுபோய் ஊறுகாய் போட்டாள். எல்லாரும் சிரித்துத் தொலைத்தார்கள், வேறென்ன செய்ய.

முழுச் சான்றிதழ் கைக்கு வர, மில்லில் ஒரு சீர்திருத்தம் செய்து காட்ட வேண்டுமாம். அது இருந்தால்தான் வெளிநாட்டுக்காரன் நாரை வாங்குவானாம். மேனேஜர் எடுத்துக்கொண்ட சீர்திருத்தம், மெஷின் நிற்கும் நேரத்தைக் குறைப்பது. ஆளாளுக்கு நிறுத்துகிறார்கள் என்று தூணிலிருந்த சுவிட்சைப் பிடுங்கித் தன் அறைக்குள் மாட்டிக்கொண்டார். கம்பி தைக்க வேண்டுமென்றால் சீட்டெழுதிக் கேட்க வேண்டும். இசக்கிப்பாண்டி எழுதிய சீட்டெல்லாம் மேசையிலேயே கிடந்தன.

வாரம் ஒரு வகுப்பும் நடத்தினார். ஒரு தப்பு நடந்தால் ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்கணும், ஐந்தாவது 'ஏன்'னில்தான் மூலகாரணம் உட்கார்ந்திருக்கும் என்றார். அவர் கேட்கக் கேட்கப் பெண்கள் ஒன்றாகப் பதில் சொன்னார்கள். பொய் சொல்லக் கூடாது, அது நல்ல பாடந்தான்.

ஆடி பிறந்து மூன்றாம் நாள், காலை ஆறரை மணி. பெல்ட்டில் ஒரு கம்பி கிளம்பி நீட்டிக்கொண்டு சுற்றியது. மட்டை எடுக்கத் திரும்பிய நஸீபாவின் சட்டைக் கையை அது கவ்வி, கண் மூடித் திறக்கும் முன் கையோடு சக்கரத்துக்குள் இழுத்துக்கொண்டது. மெஷின் இரைச்சலை மீறி எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

"யக்கா, நிறுத்தச் சொல்லுங்க!" என்று அலறினாள்.

குழல்வாய்மொழி தூணுக்குத்தான் ஓடினாள். பழகின கால் வேறெங்கே போகும்? அங்கே நாலு ஆணி ஓட்டைதான் இருந்தது. மேனேஜர் அறையைப் பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போயிருந்தார். இசக்கிப்பாண்டி கடப்பாரையைத் தூக்கிச் சக்கரத்துக்குள் செருகினான். அது தெறித்து அவன் தோளைக் கிழித்தது. பெல்ட்டு அறுந்து சுவரில் போய் அறைந்தது. நஸீபாவை வெளியே எடுத்தபோது, முழங்கைக்குக் கீழே இருந்ததைக் கை என்று சொல்ல முடியாது. காயப்போட வைத்திருந்த நாரெல்லாம் ரத்தம். பாவி மக்கா, இருபத்தாறு வயசு அவளுக்கு.

மறுநாளே வேறொரு பழைய பெல்ட்டை மாட்டி மெஷினை ஓட்டிவிட்டார்கள். நாலாம் நாள் முதலாளி குழல்வாய்மொழியையும் இசக்கிப்பாண்டியையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் மேனேஜர் எழுதின தாள் இருந்தது. 'மூலகாரணம்: தொழிலாளி தொளதொளத்த சட்டை அணிந்த கவனக்குறைவு.' கீழே சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நஸீபாவுக்கு நஷ்டஈடு கிடையாது. போடாவிட்டால் குழல்வாய்மொழிக்கு வேலை கிடையாது. வீட்டில் இவள் ஒருத்தி சம்பாத்தியம். பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"போட்டுட்டுப் போ. ஊர் வம்பு உனக்கெதுக்கு?" என்றார் முதலாளி.

"வகுப்புல சொன்ன மாதிரி கேட்டுட்டுப் போடுதேன், மொதலாளி." வாசலை அடைத்து நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "நஸீபா கை ஏன் போச்சு?"

"பெல்ட்டுக் கம்பி இழுத்துச்சு" என்றார்கள் வாசலில்.

"கம்பி ஏன் நீட்டிக்கிட்டு நின்னுச்சு?"

"தைக்க விடல."

"இழுத்ததும் ஏன் நிறுத்தல?"

"சுவிட்சு இந்த ரூமுக்குள்ள கெடந்துச்சு."

"இங்கன ஏன் வந்துச்சு?"

"சார் பாஸாகணும்."

மேசைக்குப் பின்னால் நின்ற பால்வண்ணநாதன் தலை குனிந்துகொண்டார். குழல்வாய்மொழி முதலாளி பக்கம் திரும்பினாள். "அஞ்சாவது உங்களுக்கு. நாங்க பெல்ட்டு கேட்டோம். நீங்க ஏன் இவரை வாங்குனிய?"

அவ்வளவுதான். முதலாளி மூலையில் கிடந்த அறுந்த பெல்ட்டை எடுத்து விளாசினார். முதல் அடி இசக்கிப்பாண்டியின் கிழிந்த தோளிலேயே விழுந்து தையல் பிரிந்தது. இரண்டாவது அடியைக் குழல்வாய்மொழி கையால் பிடித்தாள். கம்பி உள்ளங்கையைப் பிய்த்தது. விடவில்லை. முதலாளி இழுத்தார். பின்னாலிருந்த பெண்கள் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். பெல்ட்டு அவர்கள் கைக்கு வந்துவிட்டது. இசக்கிப்பாண்டி நாற்காலியைத் தலைக்குமேல் ஓங்கிவிட்டான். அவள் குறுக்கே விழுந்து தடுத்தாள். "இவனை அடிச்சிட்டு நீ ஜெயிலுக்குப் போனா, நஸீபாவுக்கு யாருலே சாட்சி சொல்லுவா?"

நாற்காலியை இறக்கிவிட்டு, சுவிட்சை அமர்த்தினான். மில் அடங்கியது. இருபத்து மூன்று பேரும் கேட் வாசலில் போய்ச் சாரலில் உட்கார்ந்தார்கள். நாளைக்குச் சுரண்டையிலிருந்து ஆள் இறக்குகிறேன் பார் என்று முதலாளி உள்ளேயிருந்து கத்தினார். செய்யக்கூடியவர்தான். செங்கோட்டைக்குப் போன் போட்டிருக்கிறார், போலீஸ் ஜீப்பும் வரும். யாரும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து மில் பெண்கள் நாலு பேர் மட்டைக் கூடையை அங்கேயே போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அப்போது குழல்வாய்மொழியின் போன் அடித்தது. தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து நஸீபாவின் உம்மா சைதூன் பீவி. மகளுக்கு இப்போதுதான் நினைவு தெளிந்திருக்கிறது, கண்ணைத் திறந்ததிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள் என்று அழுதுகொண்டே போனை மகள் காதில் வைத்தார்.

"யக்கா, மெஷினை நிறுத்திட்டாங்களா?"

குழல்வாய்மொழி அடங்கிக் கிடந்த மில்லைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானையைச் சுற்றிய கையால் போனை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க நிறுத்திட்டோம்ட்டி" என்றாள்.